அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸில் பூச்சி பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 20 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்த விளையாட்டு அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ். ஆளில்லாத ஒரு தீவில் கூடாரம் போட்டுக் குடியேறி, பேசும் விலங்குகளை அண்டை வீட்டுக்காரர்களாகப் பெற்று, மரம் நட்டு, மீன் பிடித்து, வீட்டுக் கடனை மெல்ல மெல்ல அடைத்து வாழ்வதுதான் மொத்த ஆட்டமும். கையில் வலையோடு பூச்சிகளைத் தேடி அலைவது இதில் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் அதுதான் ஆட்டத்தின் மிக நேர்த்தியான பகுதி. புதிதாகத் தொடங்குகிறவர்களும் பாதியில் சலித்து நிறுத்தியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மொத்தம் எத்தனை பூச்சிகள் இருக்கின்றன?

80. இவை எல்லாமே உயிரியல் கணக்கில் பூச்சிகள் அல்ல. ஆறு கால் இருந்தால்தான் பூச்சி. இந்தப் பட்டியலிலோ சிலந்தி, தேள், பூரான், நத்தை, துறவி நண்டு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. வலையில் பிடிபடுவது எதுவானாலும் ஆட்டம் அதை இந்தப் பட்டியலில் வைத்துவிடுகிறது.

பிடித்தவற்றின் பதிவு, ஆட்டத்துக்குள் உங்கள் பாத்திரம் வைத்திருக்கும் நூக் ஃபோனில் உள்ள கிரிட்டர்பீடியா என்ற பட்டியலில் சேரும். ஒரு பூச்சியைப் பிடித்த பிறகுதான் அது எந்த மாதங்களில், எந்த நேரத்தில் நடமாடும் என்பதை அந்தப் பக்கம் காட்டும். பிடிக்கும் வரை கட்டம் காலியாகவே இருக்கும்.

வலை எங்கே கிடைக்கும்? ஏன் இவ்வளவு சீக்கிரம் உடைகிறது?

வலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். மரத்தை உலுக்கினால் விழும் சுள்ளிகள் 5 சேர்த்தால் முதல் வலை தயார். அது மெலிந்த வலை, 10 பூச்சிகளோடு முறிந்துவிடும். அதோடு ஓர் இரும்புக் கட்டியைச் சேர்த்தால் அடுத்த தர வலை கிடைக்கும், அது 30 வரை தாங்கும். பாறையைத் தட்டினால் இரும்பு கிடைக்கும்.

ஒரு நல்ல செய்தி: குறி தவறிய வீச்சுகள் கணக்கில் சேர்வதில்லை. பூச்சி சிக்கினால்தான் வலை தேயும். ஆகவே காற்றில் வீசிப் பழகத் தயங்க வேண்டாம். தூரத்தைக் கண்ணாலேயே அளக்கக் கற்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

எப்போதும் ஒரு வலை உபரியாகப் பையில் இருக்கட்டும். அரிய வண்டு கண்ணெதிரே மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வலை முறிந்துபோனால் வரும் வருத்தம் சின்னதல்ல.

பார்த்தவுடன் பறந்துவிடுகிறதே, எப்படி நெருங்குவது?

ஓடாதீர்கள். புதிதாக ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த ஒரே இடத்தில்தான். ஓடும் காலடிச் சத்தம் கேட்டால் பெரும்பாலான பூச்சிகள் கலைந்துவிடும்.

வலையைக் கையில் எடுத்து 'ஏ' பொத்தானை அழுத்தியபடியே வைத்திருங்கள். உங்கள் பாத்திரம் வலையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு பூனை நடை நடக்கும். பொத்தானை விட்ட கணத்தில் வலை இறங்கும். பூவில் உட்கார்ந்திருக்கும் கும்பிடுபூச்சியானாலும் மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் வண்டானாலும் இந்த நடையில்தான் பிடிக்க வேண்டும். பூச்சி அசையத் தொடங்கினால் நின்றுவிடுங்கள். அது அடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் நகருங்கள். அவ்வளவுதான் சூட்சுமம், ஆனால் அதைக் கைக்குப் பழக்க நாளாகும்.

வண்ணத்துப்பூச்சிக்குக் கணக்கு வேறு. அது நேர்க்கோட்டில் பறக்காது. பின்னாலேயே துரத்தினால் அலைந்து களைப்பதுதான் மிச்சம். அது போகும் போக்கைப் பார்த்து, சற்று முன்னால் போய் நின்று காத்திருங்கள். தும்பிக்கும் அப்படியே. குறிப்பாக, வண்ணக்கோடு போட்ட பேண்டட் டிராகன்ஃப்ளை விர்ரென்று பாயும், ஓர் இடத்தில் சற்று நிற்கும், மறுபடியும் பாயும். அது நிற்கும் அந்தக் கணம்தான் உங்களுக்குரியது. அதன் விலை 4,500 பெல்ஸ் (ஆட்டத்தின் பணம்) என்பதால் காத்திருப்புக்கு வீண்போகாத பலன் உண்டு.

வட அரைக்கோளமா, தென் அரைக்கோளமா, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இதைக் கேட்பார்கள். பிறகு மாற்ற முடியாது. தீவையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால்தான் உண்டு. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து ஆடுகிறவர்களுக்கு வட அரைக்கோளம் இயல்பான தேர்வு. ஆனால் அங்கே வரும் பருவங்கள் நம்முடையவை அல்ல. டிசம்பரில் சென்னையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, திரையில் உங்கள் தீவு பனிப்போர்வையில் மூடிக் கிடக்கும். ஏப்ரலின் தொடக்கத்தில் செர்ரி மரங்கள் பூக்கும். இது ஜப்பானியர்களின் ஆண்டு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால்தான் பூச்சிகளின் நாட்காட்டியும் பிடிபடும்.

தென் அரைக்கோளத்தில் எல்லாம் ஆறு மாதம் தள்ளி வரும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மாதங்கள் அனைத்தும் வட அரைக்கோளத்துக்கானவை. தெற்கில் ஆடுகிறவர்கள் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். மற்ற அரைக்கோளத்தில் நண்பர் யாராவது இருந்தால் விமானத்தில் அவர் தீவுக்குப் போய் அங்கே பிடிக்கலாம். அப்படிப் பிடிப்பதும் உங்கள் கணக்கில் சேரும்.

நேரம் எந்த அளவுக்கு முக்கியம்?

அதுதான் எல்லாம். உங்கள் ஸ்விட்ச் கருவியின் கடிகாரத்தில் என்ன மணியோ அதுதான் தீவிலும் மணி. மின்மினி ஜூன் மாதத்தில் மட்டும், இரவு 7 முதல் அதிகாலை 4 வரை. மரத்தில் ஒட்டியிருக்கும், சில்வண்டு கழற்றிவிட்டுப் போன தோல் ஜூலை, ஆகஸ்டில் மட்டும். ஜூலையைத் தவறவிட்டவருக்கு ஆகஸ்ட் மிச்சம். ஆகஸ்டையும் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இந்த அட்டவணை மனம்போன போக்கில் போட்டதல்ல என்பதை ஆடிய சில மாதங்களிலேயே உணர்வீர்கள். சில்வண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை காலை 8 முதல் மாலை 5 வரை மரத்தில் இருந்து கத்தும். ஈவ்னிங் சிக்காடா என்ற வகை மட்டும் அதிகாலை 4 முதல் 8 வரையிலும், மாலை 4 முதல் 7 வரையிலும்தான் வரும். ஜப்பானின் நிஜக் காடுகளில் அந்த இனம் விடியலிலும் அந்தியிலும்தான் குரல் கொடுக்கும். யாரோ ஒருவர் அந்தக் குரலைக் கோடை மாலைகளில் கேட்டு வளர்ந்திருக்கிறார், அந்த நினைவைக் கொண்டுவந்து ஆட்டத்தில் வைத்திருக்கிறார். ஜப்பானில் கோடை விடுமுறையில் வலையும் சிறு கூண்டுமாகப் பிள்ளைகள் பூச்சி பிடிக்கக் கிளம்புவது பழைய வழக்கம். இந்த ஆட்டத்தின் பூச்சி வேட்டைக்கு வேர் அங்கேதான்.

சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடலாமா?

ஆடலாம், ஆனால் பாதி ஆட்டத்தை இழப்பீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

சுவர்க்கோழியும் வெட்டுக்கிளியும் புல்லுக்குள் இருந்து கத்தும். கண்ணால் தேடினால் பச்சைத் தரையில் பச்சைப் புள்ளி தெரியாது. காதால் தேடினால் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது சத்தத்திலேயே புரியும். கொசு எழுப்பும் சத்தம் அச்சு அசல் நம் வீட்டுக் கொசுவின் ரீங்காரம்தான். கடித்தால் முகம் சுளித்து ஒரு கணம் நின்றுவிடுவீர்கள்.

பிள்ளைப்பூச்சியைக் காது இல்லாமல் பிடிக்கவே முடியாது. நவம்பர் முதல் மே வரை அது மண்ணுக்கடியில் இருந்து தொடர்ந்து ஒரு ரீங்காரம் எழுப்பும். மேலே எதுவும் தெரியாது. சத்தம் கூடக்கூட அந்தத் திசையில் நடந்து, சத்தம் உச்சத்தில் கேட்கும் இடத்தில் மண்வெட்டியால் தோண்ட வேண்டும். இடம் சரியாக இருந்தால் குழியிலிருந்து பிள்ளைப்பூச்சி வெளியே வந்து ஓடும். உடனே மண்வெட்டியை வைத்துவிட்டு வலையை எடுத்துத் துரத்த வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் அது அதற்குள் பாய்ந்து மறைந்துவிடும். பின்னணி இசையோடு சேர்ந்து ஒலிப்பதால் முதலில் குழம்பும். நின்று, இரண்டு மூச்சு விட்டுக் கேளுங்கள். இசையின் தாளத்தோடு ஒட்டாமல் இழுத்துக்கொண்டே போகும் ஒலிதான் அது.

டரான்டுலா கடித்துக் கடித்து மயங்கி விழுகிறேன். வழி உண்டா?

உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மிகப் பலர் கேட்பது இதைத்தான்.

டரான்டுலா என்ற பெரிய சிலந்தி நவம்பர் முதல் ஏப்ரல் வரை வரும். தேள் மே முதல் அக்டோபர் வரை. இரண்டுக்கும் நேரம் இரவு 7 முதல் அதிகாலை 4. இரண்டும் விற்றால் 8,000 பெல்ஸ். இரண்டின் குணமும் ஒன்றே. கையில் வலையோடு நீங்கள் நெருங்குவதை உணர்ந்தால் சீறி எழுந்து பாய்ந்து வரும்.

இருட்டில் தரையில் ஏதோ கறுப்பாக ஊர்வது தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வலையைக் கையில் எடுத்து 'ஏ' பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஓரடி எடுத்து வையுங்கள். டரான்டுலா முன்னங்கால்களைத் தூக்கி எச்சரித்தால் விரலைக்கூட அசைக்காதீர்கள். தேளானால் வால் நிமிரும். கால்கள் மறுபடி தரைக்கு இறங்கிய பிறகு இன்னும் ஓரடி. மறுபடி தூக்கினால் மறுபடி நில்லுங்கள். இப்படி நிறுத்தி நிறுத்தி நெருங்கி, வலை எட்டும் தூரம் வந்தவுடன் பொத்தானை விடுங்கள். 'இன்னும் ஓரடி போகலாம்' என்று தோன்றும் இடத்தில்தான் பலரும் கடிபடுகிறார்கள்.

ஒருவேளை அது பாய்ந்து வரத் தொடங்கிவிட்டால் திரும்பி ஓடுவதைவிட எதிர்கொள்வது மேல். அதன் பக்கம் திரும்பி நின்று, எட்டும் தூரத்துக்கு வந்த கணத்தில் வலையை இறக்குங்கள். தப்பினால் மயங்கி விழுவீர்கள், உங்கள் தீவாக இருந்தால் வீட்டு வாசலில் கண் விழிப்பீர்கள். பணமும் போகாது, பையில் இருப்பதும் போகாது. ஆகவே பயத்துக்கு இடமில்லை. பழகிக்கொள்ளத்தான் அந்தக் கடி.

'டரான்டுலா தீவு' என்கிறார்களே, அது என்ன?

ஆட்டத்தில் சிறு சிறு வேலைகளை முடித்தால் சேரும் புள்ளிகளான நூக் மைல்ஸில் 2,000 கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கினால் ஆளில்லாத ஏதோ ஒரு தீவுக்கு விமானத்தில் போகலாம். சில நேரம் டரான்டுலாக்கள் மட்டுமே ஊரும் தீவு கிடைக்கும். கிடைக்காதவர்கள் சாதாரணத் தீவையே அப்படி ஆக்கிவிடுவார்கள். பூச்சிகள் பூவிலும் மரத்திலும் மரக்கட்டையிலும் பாறையிலும்தான் வந்து உட்காருகின்றன. அவை ஒன்றும் இல்லாத இடத்தில் தரையில் ஊர்கிறவை மட்டுமே தோன்ற முடியும். ஆகவே இரவில் போய்ப் பூக்களைப் பறித்து, மரங்களை வெட்டி, அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, பழம் தின்ற வலுவில் பாறையையும் உடைத்துவிட்டால் தரைவாழ் உயிர்களுக்கான இடம் மட்டும் மிஞ்சும். வேறு ஏதாவது வந்தால் ஓடிப்போய் விரட்டிவிட்டு, டரான்டுலா வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பணம் வேண்டுமென்றால் இது நல்ல வழிதான். ஆனால் நான் இதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஒரு தீவையே மொட்டையடித்து ஒரே உயிரைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதில், எந்தப் பூவில் எது வரும், எந்த மழையில் எது வெளியே வரும் என்று தெரிந்துகொள்ளும் இன்பம் அறவே இல்லை. முதல் ஓராண்டு உங்கள் தீவிலேயே நடங்கள்.

குளவி கொட்டாமல் மரத்தை உலுக்க முடியுமா?

முடியும். வலையைக் கையில் வைத்துக்கொண்டே உலுக்குங்கள். ஒரு நாளில் தீவின் மரங்களிலிருந்து ஐந்து குளவிக்கூடுகள் விழும் என்பது ஆட்டத்தின் விதி. கூடு விழுந்தவுடன் உங்கள் பாத்திரம் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். பதறாமல் உடனே 'ஏ' பொத்தானை அழுத்தினால் குளவி வலைக்குள். 2,500 பெல்ஸ் வருமானம், தரையில் கிடக்கும் கூடும் உங்களுக்கே.

உலுக்கும்போது மரத்தைச் சுற்றி வேலியோ பூவோ இடைஞ்சலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப இடம் வேண்டும். கொட்டிவிட்டால் ஒரு கண் வீங்கிவிடும். அந்த முகத்தோடு மறுபடி கொட்டு வாங்கினால் மயக்கம்தான். மருந்து கடையில் 400 பெல்ஸுக்குக் கிடைக்கும், அல்லது ஒரு குளவிக்கூட்டோடு மூன்று களைச்செடிக் கட்டுகளைச் சேர்த்து நீங்களே தயாரிக்கலாம். சில நேரம் அக்கம்பக்கத்து விலங்குகளே பார்த்துப் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடும்.

மரத்தை உலுக்கினால் வருவது குளவி மட்டுமல்ல. நூலில் தொங்கியபடி பேக்வார்ம் இறங்கும். இரவு 7 முதல் காலை 8 வரை சிலந்தியும் இறங்கும். இரண்டுக்கும் 600 பெல்ஸ்.

ஏறக்குறைய எல்லாம் பிடித்துவிட்டேன். சில மட்டும் கண்ணிலேயே படவில்லையே?

கண்ணில் படாதவை பெரும்பாலும் மறைந்து வாழ்கின்றன. எங்கே என்று தெரிந்தால் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

எறும்பு வேண்டுமா? கெட்டுப்போன டர்னிப் கிழங்கைத் தரையில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஈ வேண்டுமா? மீன்பிடிக்கும்போது சிக்கும் குப்பையை, பழைய டயரையோ காலித் தகரத்தையோ, வெளியே வைத்தால் வரும். தெள்ளுப்பூச்சி மண்ணிலோ மரத்திலோ இருக்காது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை உங்கள் அண்டை வீட்டு விலங்கின் தலையில் குதித்துக்கொண்டிருக்கும். அவர் அரிக்கிறது என்று புலம்பினால் உற்றுப் பாருங்கள். அவர் தலையிலேயே வலையைப் போட்டுப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு முறை அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நன்றிதான் சொல்வார்.

பூரானும் பில் பக்கும் பாறைக்கடியில் இருக்கும். மண்வெட்டியால் பாறையைத் தட்டினால் வெளியே ஓடும். பூரானுக்கு மாலை 4 முதல் இரவு 11, பில் பக்குக்கு இரவு 11 முதல் மாலை 4. இரண்டுக்கும் இடையில் நாள் முழுவதும் நிரம்பிவிடுகிறது. இரண்டுமே ஜூலை, ஆகஸ்டில் கிடையாது.

வாக்கிங் லீஃப் என்பது இலையைப் போலவே உடம்புள்ள பூச்சி. ஆட்டத்தில் மரத்திலிருந்து விழும் மரச்சாமான் ஓர் இலை வடிவில் தரையில் கிடக்கும் அல்லவா? இந்தப் பூச்சியும் அதே இலைபோல மரத்தடியில் கிடக்கும். எடுக்கக் குனிந்தால் பறந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மரத்தடியில் இலை கிடந்தால் வலையோடு நெருங்குங்கள். கடற்கரையில் இரவு நேரத்தில் கிடக்கும் கிளிஞ்சல் ஒன்று மெல்ல நகர்ந்தால் அது துறவி நண்டு. நத்தை மழை நாளில்தான் வரும், பாறையிலோ புதரிலோ ஒட்டியிருக்கும். மழை பெய்கிறதே என்று ஆட்டத்தை மூடிவைக்காதீர்கள்.

சாணவண்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மாலை 5 முதல் காலை 8 வரை, பனி படர்ந்த தரையில் பனி உருண்டையைப் பின்னங்காலால் உருட்டிக்கொண்டு போகும். தீவில் பனி உருண்டை இருந்தால்தான் அது வரும். காலையில் கிடைத்த உருண்டைகளைப் பனிமனிதன் செய்யப் பயன்படுத்திவிட்டாலோ உடைத்துவிட்டாலோ அன்று இரவு சாணவண்டு இல்லை. பனிமனிதனை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

பூக்களைப் பார்த்து வருகிறவையும் உண்டு. ஆர்க்கிட் மான்டிஸ் என்ற கும்பிடுபூச்சி வெள்ளைப் பூவில் மட்டும் உட்காரும். வெள்ளைப் பூவே நடாதவர்கள் எத்தனை மாதம் தேடினாலும் காண மாட்டார்கள். பீக்காக் பட்டர்ஃப்ளைக்கு நீலம், ஊதா, கறுப்புப் பூக்கள் வேண்டும். பொன்வண்டும் வயலின் பீட்டிலும் ரோசாலியா வண்டும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில்தான் உட்காரும். எல்லா அடிக்கட்டைகளையும் தோண்டித் தீவைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் எட்டாக்கனி. நான்கைந்து கட்டைகளை ஒரு மூலையில் விட்டுவையுங்கள்.

மிக அதிக விலைக்குப் போவது எது?

கோல்டன் ஸ்டாக், ஜிராஃப் ஸ்டாக், ஹார்ன்ட் ஹெர்குலிஸ் மூன்றும் ஆளுக்கு 12,000 பெல்ஸ். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாலை 5 முதல் காலை 8 வரை தென்னை மரத்தில் இருக்கும். 10,000 பெல்ஸ் போகும் ஜயன்ட் ஸ்டாக்கும் ஸ்காரப் வண்டும் இரவு 11க்குப் பிறகு மற்ற மரங்களில் வரும். ஆகவே ஜூலைக்கு முன்பே கடற்கரையில் தென்னை நட்டுவிடுங்கள். தென்னை மணலில்தான் வளரும். இந்த வண்டுகள் எல்லாம் மிகுந்த கூச்சம் உள்ளவை, டரான்டுலாவை நெருங்கும் அதே பொறுமை இங்கும் தேவை.

எங்கே விற்பது?

டிம்மியும் டாமியும் நடத்தும் நூக்ஸ் கிரானி கடை காலை 8 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். கடை மூடிய பிறகு வாசல் பெட்டியில் போட்டால் 80 சதவீத விலைதான் வரும். இரவு வேட்டையில் பிடித்தவற்றை அதில் போடாதீர்கள். கூண்டில் அடைத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் காலையில் விற்கலாம்.

அதைவிட நல்லது ஃப்ளிக் வரும்வரை காத்திருப்பது. பூச்சிகள் மீது பித்துக்கொண்ட அந்தப் பச்சோந்தி சில நாட்களில் தீவுக்கு வருவார். அவர் ஒன்றரை மடங்கு விலை கொடுப்பார். 8,000 பெல்ஸ் டரான்டுலாவுக்கு 12,000. ஒரே வகைப் பூச்சி மூன்றைக் கொடுத்தால் அதன் மாதிரிச் சிற்பம் ஒன்று செய்து மறுநாள் தபாலில் அனுப்பிவைப்பார். வீட்டில் வைக்க அதைவிட அழகான பொருள் இந்த ஆட்டத்தில் குறைவு.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டுமா, விற்க வேண்டுமா?

ஒவ்வொரு வகையிலும் முதலில் பிடிப்பது அருங்காட்சியகத்துக்கு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. தீவில் உங்களைக் குடியேற்றிய டாம் நூக்கிடம் ஐந்து உயிரினங்களைக் கொடுத்தால் பிளேதர்ஸ் என்ற ஆந்தை வந்து கூடாரம் போடும். அதனிடம் இன்னும் 15 கொடுத்தால் கட்டடம் எழும். பிளேதர்ஸுக்குப் பூச்சி என்றாலே அருவருப்பு. நீங்கள் நீட்டும்போது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும், பிறகு அந்தப் பூச்சியைப் பற்றி ஒரு சிறு பாடமும் நடத்தும். அந்தப் பேச்சை அழுத்தித் தாண்டிவிடாமல் படியுங்கள்.

நீங்கள் கொடுத்த வண்ணத்துப்பூச்சிகள் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடத்தில் செடிகளுக்கு நடுவே பறந்துகொண்டிருக்கும். ஆட்டத்தில் நான் அதிக நேரம் சும்மா நின்று பார்த்த இடம் அதுதான்.

இந்தப் பூச்சிகள் நிஜத்தில் இருக்கின்றனவா?

இருக்கின்றன. அதுதான் எனக்கு இந்த ஆட்டத்தின் மீது உள்ள பெரிய மரியாதைக்குக் காரணம்.

குயீன் அலெக்சாண்ட்ராஸ் பேர்ட்விங் உலகிலேயே மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி. பப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில் மட்டும் வாழ்கிறது. பெண் பூச்சியின் இறக்கை விரிவு 25 சென்டிமீட்டருக்கு மேல் போகும். 1906ஆம் ஆண்டு ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் முதல் மாதிரியைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அவ்வளவு உயரத்தில் பறந்தது. அடுத்த ஆண்டு வால்டர் ரோத்ஸ்சைல்ட் அதற்கு இங்கிலாந்து அரசியின் பெயரை வைத்தார். இன்று அதைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பதற்குத் தடை இருக்கிறது. ஆட்டத்தில் மே முதல் செப்டம்பர் வரை, காலை 8 முதல் மாலை 4 வரை, தலைக்கு மேலே கம்பீரமாகப் பறந்து வரும், 4,000 பெல்ஸ். அதன் கதை தெரிந்தவர் அதை அவசரமாக விற்க மாட்டார்.

ராஜா புரூக்ஸ் பேர்ட்விங் என்பதற்கு 1855இல் பெயர் வைத்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக வைத்தார். ஆட்டத்தில் இரவு மரத்தில் ஒட்டியிருக்கும் அட்லஸ் அந்துப்பூச்சி இந்தியாவிலும் உண்டு. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்ததைக் கொண்டே அதன் சில நாள் வாழ்க்கை முடிகிறது. மனித முகம்போல முதுகில் வடிவம் கொண்ட மேன்-ஃபேஸ்ட் ஸ்டிங்க் பக் இந்தியாவிலும் காணப்படுவதுதான். கும்பிடுபூச்சி, மின்மினி, பொன்வண்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு அடிக்கட்டையில் பச்சையாகப் பளபளக்கும் அந்த உருவத்தைப் பார்த்தவுடன் கை பரபரக்கும்.

பூச்சி பிடிக்கும் போட்டி எப்போது?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் நான்காவது சனிக்கிழமை, காலை 9 முதல் மாலை 6 வரை. தென் அரைக்கோளத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மூன்றாவது சனிக்கிழமை. ஒரு சுற்று மூன்று நிமிடம். முதல் சுற்று இலவசம், பிறகு சுற்றுக்கு 500 பெல்ஸ்.

பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்று அல்லது அதற்கு மேல் பிடித்தால் கூடுதலாக 2 புள்ளிகள். பூச்சியின் விலை இங்கே பொருட்டில்லை, எண்ணிக்கை மட்டுமே பேசும். அன்றைக்கு அரிய வண்டின் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போகாதீர்கள், பூக்களிலும் தண்ணீர் ஓரத்திலும் கிடைக்கும் எளியவற்றை அள்ளுங்கள். 100 புள்ளிக்கு வெண்கலக் கோப்பை, 200க்கு வெள்ளி, 300க்குத் தங்கம். ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை, போட்டிகளின் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வரும். தொடங்குமுன் பையைக் காலி செய்துகொள்ளுங்கள்.

கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து ஆடினால் தவறா?

ஆட்டம் அதைத் தடுக்காது. வேலை நேரம் காரணமாக இரவில் மட்டுமே ஆட முடிகிறவர்கள் பகல் வண்ணத்துப்பூச்சிக்காகக் கடிகாரத்தைச் சில மணி நேரம் நகர்த்துவதில் எந்தக் குற்றமும் இல்லை. தேதியைப் பின்னோக்கித் தள்ளினால் வாங்கிவைத்த டர்னிப் கெட்டுவிடும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஆனால் 80 பூச்சியையும் ஒரே வாரத்தில் பிடித்துவிடும் நோக்கத்தோடு மாதம் மாதமாகத் தாவுவதை வேண்டாம் என்பேன். செப்டம்பர் வந்ததும் ஒரு மாலையில் திடீரெனப் புதுக் குரல் ஒன்று புல்லுக்குள் கேட்கும், பெல் கிரிக்கெட் வந்துவிட்டது என்று தெரியும். எதிர்பாராமல் அதைக் கேட்கும் அந்தக் கணத்தைத் தாவிச் செல்கிறவர் தானே தனக்கு இல்லாமல் செய்துகொள்கிறார்.

80ஐயும் பிடித்தால் என்ன கிடைக்கும்?

தங்க வலை செய்யும் குறிப்பு. சாதாரண வலையோடு ஒரு தங்கக் கட்டியைச் சேர்த்துச் செய்ய வேண்டும். 90 பூச்சி வரை தாங்கும், பிறகு அதுவும் உடையும். தங்கக் கட்டி பாறையைத் தட்டும்போது அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்பதால் கிடைத்த ஒவ்வொன்றையும் விற்காமல் சேர்த்து வையுங்கள். தினமும் தீவிலுள்ள எல்லாப் பாறைகளையும் ஒருமுறை தட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால், எண்பதாவது பூச்சி சிக்கும் நாளில் தங்கம் கையிருப்பில் இருக்கும்.